மறு: மல்ட்டிஃபேமிலி ஸோனிங்: ‘பல்குடும்பம்’ வேண்டாம், ‘பலகுடித்தனம்’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுவிட்டது, ஆளுக்கொரு பதில் எழுதினால் குழம்பிவிடும் என்று எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். ‘மல்ட்டிஃபேமிலி ஸோனிங்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதில் தொடங்கிய இழை இது. ஸோனிங் என்றால் ஊரில் எந்த இடத்தில் என்ன, எப்படிக் கட்டலாம் என்று வகுக்கிற விதி, மல்ட்டிஃபேமிலி என்றால் ஒரே இடத்தில் பல வீடு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பின்னணியை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மாசசூசெட்ஸில், பாஸ்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊர். இங்கே 2021 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. அப்போதைய ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்டார். பாஸ்டனைச் சுற்றி எம்பிடிஏ என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் ரயில், பஸ், படகு போகிற ஊர்களும் அவற்றை ஒட்டிய ஊர்களுமாக மொத்தம் 177. இவை ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஒரு பகுதியையாவது மல்ட்டிஃபேமிலி வீடுகளுக்குத் திறந்துவிட வேண்டும், ஏக்கருக்குக் குறைந்தது 15 வீடு கட்ட இடம் தர வேண்டும், ‘முதியோருக்கு மட்டும்’ என்பதுபோல் வயதுக் கட்டுப்பாடு போடக்கூடாது, குழந்தைகளோடு வாழ ஏற்றதாக இருக்க வேண்டும். ஊர் மக்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கீழே சொல்கிறேன். எங்கள் ஊரிலும் விதியைத் திருத்தப் போகிறார்கள். இங்கே பிள்ளைகளோடு வந்து தங்கிக் குடியுரிமையும் பெற்றுவிட்ட பெரியவர்கள் பலருக்கு வாக்குரிமை இருக்கிறது, ஆனால் சட்ட ஆங்கிலம் ஓடாது. அவர்களுக்காக நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பக்கத் தமிழ் அறிக்கை தயாரிக்கிறோம். அதற்குத்தான் சொல் கேட்டேன்.

> ‘பல்குடும்பக் குடியிருப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, முதல் வரைவில் நானும் அதைத்தான் எழுதினேன். என் மாமனாரிடம் படிக்கக் கொடுத்தேன். திருச்சியில் முப்பது வருஷம் அரசு வேலை பார்த்தவர், ஒரு தாளை இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: “கூட்டுக் குடும்பமா இருக்கிறவங்களுக்குத் தனியா இடம் ஒதுக்கறாங்களா? நம்மளை அங்கே போகச் சொல்லுவாங்களா?” குறை அவரிடம் இல்லை. ‘பல குடும்பம், ஒரு குடியிருப்பு’ என்று வாசித்தால் தமிழ்க் காதில் அண்ணன் தம்பிகள் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதுதான் கேட்கும்.

இத்தனைக்கும் சட்டத்தின் வரையறையில் குடும்பம் என்ற பேச்சே இல்லை. ஒரே கட்டடத்தில் மூன்று அல்லது அதற்கு மேல் வீடு இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரே மனையில் இரண்டு கட்டடம் நின்று ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு மேல் வீடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் ஒண்டிக்கட்டையாக ஒருவர் இருக்கலாம், நான்கு மாணவர்கள் இருக்கலாம். எண்ணப்படுவது குடும்பம் அல்ல, தனித்தனியாக வாழ வசதியுள்ள இடம். அதாவது தூங்க இடம், கழிவறை, முக்கியமாகத் தனிச் சமையல். இந்த ஊர்க் கட்டட ஆய்வாளர்கள் ஒரு வீட்டை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று சந்தேகம் வந்தால் முதலில் அடுப்பைத்தான் தேடுகிறார்கள். நம் ஊரிலும் பாகம் பிரிந்தார்களா என்பதற்கு அடையாளம் அடுப்புதான். ‘தனி அடுப்பு வெச்சுட்டாங்க’ என்றால் தனிக் குடித்தனம் போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஒரே முற்றத்தில், ஒரே கிணற்றடியில் இருந்தாலும் அடுப்பு வேறென்றால் குடித்தனம் வேறு.

சொல் நம் கையிலேயே இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். ஒண்டுக்குடித்தனம் என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ‘அந்த வீட்ல நாலு குடித்தனம்’ என்றால் நாலு கதவு, நாலு அடுப்பு, நாலு மின்மீட்டர் என்று கேட்டவுடன் கண்முன் வந்துவிடும். ஆகவே பலகுடித்தன வீடு. சிங்கிள்-ஃபேமிலிக்கு ஒருகுடித்தன வீடு. ‘தனிக்குடித்தனம்’ மாமியார் வீட்டைவிட்டுத் தனியே போவதைக் குறிப்பதால் அதைத் தொட வேண்டாம். ‘பல்குடித்தனம்’ என்று சுருக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை, வாயில் ‘பல’ என்றுதான் வருகிறது, எழுத்திலும் அப்படியே இருக்கட்டும்.

> ‘அடுக்குமாடி’ என்றால் எல்லாருக்கும் புரியுமே? புதுச்சொல் எதற்கு?

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அடுக்குமாடி என்றதும் பழைய மகாபலிபுரம் சாலையில் நிற்கிற பதினெட்டு மாடிதான் நம் ஆட்கள் மனதில் எழும். இங்கே பேசப்படுவதில் பெரும்பகுதி அது இல்லை. நான் கல்யாணமான புதிதில் பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியில் ஒரு ‘டிரிபிள் டெக்கரி’ல் குடியிருந்தேன். மரத்தால் கட்டிய மூன்று தள வீடு, தளத்துக்கு ஒரு குடித்தனம். முன்பக்கம் மூன்று வராந்தா ஒன்றின் மேல் ஒன்றாக, வாசலில் மூன்று அழைப்பு மணி, பக்கச் சுவரில் மூன்று மீட்டர். கீழே ஒரு ஐரிஷ் பாட்டி, நடுவில் நாங்கள், மேலே ஹைட்டியிலிருந்து வந்த குடும்பம். நான் கடுகு தாளித்தால் மேல்வீட்டம்மா பின்படிக்கட்டில் இறங்கி வந்து என்ன சமையல் என்று கேட்பார். பாஸ்டனிலும் வூஸ்டரிலும் இந்த மாதிரி வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆலைத் தொழிலாளிகள் தலையெடுத்தது இவற்றில்தான். இதுவும் சட்டப்படி பலகுடித்தனம். பக்கம் பக்கமாக ஒட்டிக் கட்டிய மூன்று வரிசை வீடும் பலகுடித்தனமே, அதில் அடுக்கே கிடையாது.

இலங்கை நண்பர் சொன்ன ‘தொடர்மாடி’க்கும் இதே தடை. ‘பன்மனை’ அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்று ‘மனை’ என்றால் தமிழ்நாட்டில் பிளாட் போட்டு விற்கிற காலி நிலம். ஒரே மனையில் பல வீடு என்று சொல்ல வேண்டிய இடத்தில் பல மனை என்று கேட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

> குடித்தனக்காரர் என்றால் வாடகைக்கு இருப்பவர். பலகுடித்தன வீடு என்றால் வாடகை வீடு என்று ஆகிவிடாதா?

இழையில் வந்த மறுப்புகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், அம்மா. உண்மை, சென்னையில் வீட்டுக்காரர் வேறு, குடித்தனக்காரர் வேறு. சட்டமோ வாடகையா சொந்தமா என்று பார்ப்பதில்லை, காண்டோவாக, அதாவது ஒவ்வொரு வீட்டையும் தனித்தனிச் சொந்தமாக, விற்கலாம். ‘குடித்தனக்காரர்’ வாடகைக்காரராகச் சுருங்கிவிட்டாலும் ‘குடித்தனம்’ அப்படிச் சுருங்கவில்லை, ‘நல்லபடியா குடித்தனம் பண்ணுறாங்க’ என்று சொந்த வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்கிறோம் என்பது என் எண்ணம். அறிக்கையில் ஒரே ஒரு இடத்தில் ‘சொந்தமாகவோ வாடகைக்கோ’ என்று சேர்த்துவிடுகிறேன். அது போதுமா என்று சொல்லுங்கள்.

நான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. இந்த வீடுகளைத் தடுத்ததில் சொல்லுக்குப் பெரிய பங்கு இருந்திருக்கிறது. இதே மாநிலத்தில் 1912இல் வந்த ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பல ஊர்கள் மூன்றுதள மரவீடுகளுக்குத் தடை போட்டன. அங்கே அவற்றுக்கு வைத்த பெயர் ‘டெனமென்ட்’, சேரி என்ற நாற்றம் அடிக்கிற சொல். 1926இல் ஒஹாயோவின் யூக்ளிட் என்ற சின்ன ஊரின் வழக்கில்தான் ஸோனிங் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலேயே, தனி வீடுகள் உள்ள பகுதியில் வருகிற அடுக்ககத்தை ‘ஒட்டுண்ணி’ என்று எழுதினார்கள். நான் குடியிருந்த அந்த வீட்டை ஒட்டுண்ணி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தமிழில் முதன்முதலாகச் சொல் வைக்கும்போது அந்த வாடை ஒட்டாத சொல்லாக வைக்க நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

அடுத்து ஸோனிங். ‘மண்டலம்’ என்றால் சென்னைக்காரர்களுக்கு மாநகராட்சி மண்டலம், மற்றவர்களுக்குக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். ‘நிலப் பயன்பாடு’ நகர் ஊரமைப்புத் துறையின் சொல், நல்ல சொல், ஆனால் அது நிலம் எதற்கு என்பதை மட்டும் சொல்கிறது. இங்கே ஸோனிங்கில் உயரம், மனையின் குறைந்தபட்ச அளவு, ஒதுக்குவெளி (கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலி இடம்), எத்தனை கார் நிறுத்த இடம் என்று எல்லாம் அடக்கம். ஊர் ஓட்டுப்போட்டு மாற்றுவது வரைபடத்தை மட்டுமல்ல, விதிப் புத்தகத்தையும்தான். அதனால் வலயம், வலயவிதி. வலயம் இலங்கையில் அன்றாடச் சொல், கல்வி வலயம், வர்த்தக வலயம் என்று. தமிழ்நாட்டில் கொஞ்சம் புத்தக வாடை அடிக்கும், பழகிவிடும்.

இந்த வீடுகளை ‘ஆஸ் ஆஃப் ரைட்’ முறையில் அனுமதிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு இழையில் வந்த ‘தன்னுரிமை’, ‘உரிமைப்படி’ இரண்டும் ஒத்துவராது. தன்னுரிமை அரசியல் சொல். உரிமைப்படி என்றால், அனுமதியே வாங்காமல் கட்டலாம் என்று ஆகிவிடுகிறது. அப்படி இல்லை. கட்டட அனுமதி வாங்கத்தான் வேண்டும், மனை வரைபடத்தையும் ஊர்க் குழு பார்க்கும். விதியில் உள்ளதெல்லாம் சரியாக இருந்தால், ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்று குழு தடுக்க முடியாது, தனியாகச் சிறப்பு அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை, அதுதான் பொருள். ஆகவே மறுப்பிலா அனுமதி. இன்னும் நல்லது தோன்றினால் எழுதுங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஆனால் கடைசிச் சொல்லில் எனக்குப் பிடிவாதம் உண்டு. சட்டம் ஒவ்வொரு ஊருக்கும் ‘யூனிட் கப்பாசிட்டி’ என்று ஒரு எண் வைக்கிறது. பாஸ்டனை ஒட்டிய மில்டன் ஊருக்கு அது 2,461. இது வாட்ஸ்அப்பில் தமிழில் வந்தபோது ‘2,461 வீடு கட்ட மாநிலம் உத்தரவு’ என்று வந்தது. மாநிலம் ஒரு செங்கல்கூட வைக்கச் சொல்லவில்லை. அந்த வலயத்தில் இன்று ஒன்றுமே இல்லை, எல்லாம் காலி நிலம் என்று வைத்துக்கொண்டால், விதி எத்தனை வீட்டுக்கு இடம் தரும் என்ற கணக்கு அது. இப்போது நிற்கிற வீடுகளைக் கழிப்பதுகூட இல்லை. உரிமையாளர் விற்கவில்லையென்றால், இடித்துக் கட்ட யாரும் முன்வரவில்லையென்றால், இருபது வருஷம் கழித்தும் தெரு அப்படியே இருக்கும். இதற்கு வீட்டுக் கொள்ளளவு என்று வைத்தால் நம்மவர்களுக்கு ஒரு வரியில் புரியும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்று எல்லாருக்கும் தெரியும், அணையில் இன்று அவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதற்கு யாரும் பொருள் கொள்வதில்லை.

மில்டனில் நடந்ததையும் சொல்ல வேண்டும், அதுவும் ஒருவகையில் சொல் சண்டைதான். அந்த ஊர் வழியாக மாட்டபான் டிராம் ஓடுகிறது, 1940களில் செய்த பழைய பெட்டிகள், ஊருக்குள் நான்கு நிறுத்தம். அதை வைத்து மில்டனை ‘ரேப்பிட் டிரான்சிட்’ ஊர் என்று மாநிலம் வகைப்படுத்தியதால் கொள்ளளவு ஊரின் மொத்த வீடுகளில் 25 விழுக்காடு ஆனது. பக்கத்து ஊர் என்ற வகையில் போட்டிருந்தால் 10 விழுக்காடுதான். இந்தச் சின்ன டிராம் எந்தக் கணக்கில் விரைவு ரயில் என்று மக்கள் கேட்டார்கள், கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஊரின் பிரதிநிதிகள் கூட்டம் நிறைவேற்றிய வலயவிதியை 2024 பிப்ரவரி 14 அன்று பொதுவாக்கெடுப்பில் 54 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரியா கேம்ப்பெல் வழக்குப் போட்டார். 2025 ஜனவரி 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், ஊர்களை அதற்குக் கட்டுப்பட வைக்கத் தலைமை வழக்கறிஞருக்கு அதிகாரமும் உண்டு, ஆனால் அதன் கீழ் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் உரிய முறைப்படி பிறப்பிக்கப்படவில்லை, செல்லாது என்றது. அதே மாதம் மாநிலம் அவசர விதிகளாக அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. 2025 ஜூனில் மில்டன் கூட்டம் புதிய வலயவிதியை ஏற்றது. லெக்சிங்டன் என்ற ஊர் வேறு மாதிரி. 2023லேயே முந்திக்கொண்டு தாராளமாகத் திறந்துவிட்டது, வீடு கட்டக் கேட்டு மனுக்கள் குவிந்ததும் 2025இல் கொஞ்சம் சுருக்கிக்கொண்டது. எதிர்த்தவர்களை எல்லாம் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளியில் இடம் போதுமா, சாக்கடைக் குழாய் தாங்குமா என்பதெல்லாம் உண்மையான கேள்விகள். அறிக்கையில் அவற்றையும் போடுகிறோம்.

இன்னொன்று, ‘டவுன்’ என்பதை ‘நகரம்’ என்று திருத்தியிருந்தார்கள், தயவுசெய்து வேண்டாம். இங்கே சிட்டியை நடத்துவது மன்றம், டவுனை நடத்துவது ஊர்க்கூட்டம். சின்ன ஊர்களில் வாக்காளர் பட்டியலில் உள்ள எவரும் போய் உட்கார்ந்து அட்டையைத் தூக்கி ஓட்டுப் போடலாம், ஏறக்குறைய நம் கிராம சபை மாதிரி. ஊர் என்றே இருக்கட்டும்.

இரண்டாம் வரைவின் முதல் பத்தி இதோ:

“நம் ஊரின் ரயில் நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் ஒரு பலகுடித்தன வலயம் ஏற்படுத்த ஊர்க்கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடக்கும். வலயவிதிக்கு உட்பட்டு, மூன்றோ அதற்கு மேலோ வீடுகள் கொண்ட கட்டடம் கட்ட அங்கே மறுப்பிலா அனுமதி கிடைக்கும். வீடுகளைச் சொந்தமாகவோ வாடகைக்கோ கொடுக்கலாம். அறிவிப்பில் உள்ள எண் வீட்டுக் கொள்ளளவு மட்டுமே. அத்தனை வீடு கட்டப்படும் என்று பொருளல்ல. இப்போதுள்ள உங்கள் வீட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்.”

மாமனாரிடம் இதைக் கொடுத்தேன். வழக்கம்போல் இரண்டு முறை படித்தார். “சரி, மேல ஒரு குடித்தனம் கீழ ஒரு குடித்தனம் இருக்கிற நம்ம உறையூர் வீடு இதுல வருமா?” என்று கேட்டார். இரண்டுதான் இருக்கிறது, மூன்று வேண்டும் மாமா என்றேன். “அப்ப மொட்டை மாடியில ஒண்ணு போட்டா வரும்” என்றார்.

சனிக்கிழமை இரவு அச்சுக்குக் கொடுக்கிறோம். அதற்குள் ‘மறுப்பிலா அனுமதி’க்கு மாற்று இருந்தால் சொல்லுங்கள். மலேசியா, சிங்கப்பூர் நண்பர்கள் ‘குடித்தனம்’ அங்கே எந்தப் பொருளில் புழங்குகிறது என்று இரண்டு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
பாஸ்டன் பக்கத்திலிருந்து