கடைமடை லுத்தரன் விவசாயி ஒருவரின் வயல்: கூட இருந்து பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

நாற்றங்காலைப் பார்த்தவர்

பெரியவருக்குத் தரங்கம்பாடியை ஒட்டி ஆறு மா நிலம். மா என்றால் நூறு குழி, 33 சென்ட். ஆக மொத்தம் இரண்டு ஏக்கர். 1706-இல் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் கப்பலை விட்டு இறங்கிய கரை அது. குடும்பம் தலைமுறையாகத் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. லுத்தரின் ஞானோபதேச நூலில், கர்த்தரின் ஜெபத்தில் வரும் 'அன்றன்றுள்ள அப்பம்' விண்ணப்பத்துக்கு ஒரு விளக்கம் வரும்: சோறு துணி மட்டுமா அப்பம்? வயல், மாடு, நல்ல பருவம், நல்ல அயலார் எல்லாமே அதற்குள் அடக்கம். சபையில் திடப்படுத்தல் சடங்குக்குப் படிக்கிற பிள்ளைகள் அதை ஒப்பிப்பார்கள். பெரியவர் வருஷம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

சம்பாவுக்கு சி.ஆர். 1009 தான் அவர் ரகம், 155 முதல் 160 நாள். விதையை உப்புத் தண்ணீரில் போட்டுத் தேர்ந்தெடுப்பார். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ கல்லுப்பு. புது முட்டையைப் போட்டால், மேலே நாலணாக் காசு அளவுக்கு ஓடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு. மிதக்கிற நெல் மாட்டுக்கு. அடியில் நின்றதை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுவார். இந்த அலசலை விட்டவர்களுக்குத்தான் முளைப்பு பாதியாகப் போனது. குற்றம் விதையின்மேல் விழுந்தது.

24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் சாக்கில் கட்டி வைக்கோல் மூட்டம். சாக்கை இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறிப் புளித்த வாடை வரும், முளை கருகும். அதனால் பாதிச் சாக்குதான் நிரப்புவார். இடையில் ஒருமுறை புரட்டிப் போட்டுத் தண்ணீர் தெளிப்பார். வெள்ளைக் குருத்து எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். நெல்லைவிட நீண்டால் வீசும்போது ஒடியும். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால். நெருக்கி விதைக்கவே மாட்டார், நாற்று நூலாக ஓடும் என்பார்.

பக்கத்து வயல்காரர்

நல்ல அயலார் என்று மேலே சொன்னாரே, அதைப் பார்க்க வேண்டுமானால் வடிகாலில் பார்க்கணும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில்தான் வரும். மழைக்காலத்திலோ மேலே உள்ளவர்கள் வடிக்கும் தண்ணீர் முழுக்க நம் தலையில். ஐப்பசி மழைக்கு முன்னே, புரட்டாசியிலேயே அரிவாளோடு வடிவாய்க்காலில் இறங்கிவிடுவார். ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டால் போதும். நெய்வேலிக் காட்டாமணக்கை அப்படிப் போட்டால் துண்டுக்குத் துண்டு வேர்விடும். காயவைத்துக் கொளுத்த வேண்டும். தன் வரப்பு முடிகிற இடத்தில் நிறுத்தமாட்டார். கீழே அடைத்திருந்தால் தனக்கும் வடியாது என்பது அவருக்குத் தெரியும்.

பயிர் மூழ்கினால் தண்ணீர் நிற்கும்போதே உரம் வீசுவது வீண், எல்லாம் வாய்க்காலோடு போகும். முதலில் வடிக்கணும். பிறகு ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்து இடுவார். மஞ்சளாகிப்போன பயிர் திரும்பப் பச்சை கட்டும்.

உப்பு ஏறிய வயலைப் பார்த்தவர்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கடல்நீர் வாய்க்கால் வழியாக அவருடைய கீழ வயல் இரண்டு மாவில் ஏறியது. கதிரோடு நின்ற சம்பா நுனியிலிருந்து வெளுத்துக் காய்ந்தது. பலர் பதறிப்போய் உடனே உழுதார்கள். கடல் கொண்டுவந்து போட்ட சேறு அதனால் மண்ணோடு கலந்துபோனது. பெரியவர் முதலில் அந்தச் சேற்றை மண்வெட்டியால் சுரண்டி வெளியேற்றினார். பிறகுதான் உழவு. வரப்பை ஒன்றரை அடி உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, இரண்டு மூன்று நாள் கழித்து வடித்து, மறுபடி தேக்கினார். வடிகால் இல்லாத வயலில் இது பலிக்காது. உப்பு கீழே இறங்கும், வெயில் அடித்ததும் மேலே வந்து பூக்கும்.

அடுத்து பசுந்தாள் உரத்துக்காக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதை. 45 நாளில், பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழணும். பிந்தினால் தண்டு நாராகி மக்காது. உப்பு மண்ணுக்கெல்லாம் ஜிப்சம் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. களர், அதாவது சோடியம் ஏறி இறுகிய மண், இருந்தால்தான் அதற்கு வேலை. மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்த பிறகே வாங்கினார், அதுதான் சரி.

சபையில் நெல் அளந்தவர்

அறுப்பின் பண்டிகைக்கு மற்றவர்கள் விற்றது போக மிச்சத்தைக் கொண்டுவரலாம். அவர் வீட்டிலிருந்து வருவது முதல் களத்து நெல். தூற்றி, பதர் இல்லாமல், மரக்கால் தலைதட்டாமல் கோபுரமாக அளந்து வரும். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது அந்த மூட்டைக்குத்தான் போட்டி, ஏனென்றால் அதை விதைக்கே எடுக்கலாம். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி தனிப் பானைக்குப் போகும், அதுவும் சபைக்கு.

விதைநெல்லைக் காயவைப்பதில் அவருக்கு அவசரமே கிடையாது. காலை வெயில், பிறகு மாலை வெயில். உச்சி வெயிலில் களத்தை மூடிவிடுவார். பல்லில் வைத்துக் கடித்தால் 'கடக்' என்று இரண்டாக உடையணும். நசுங்கினால் இன்னும் ஈரம். சூடாறிய பிறகே மூட்டை கட்டுவார், தரையில் படாமல் பலகைமேல், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. அவரை அடக்கம் பண்ணிய வருஷமும் பலகைமேல் இரண்டு மூட்டை இருந்தது. ஆவணியில் அதைத்தான் உப்புத் தண்ணீரில் போட்டார்கள். மிதந்தது ஒரு முறம்கூடத் தேறவில்லை.