பீரோவில் இருந்த டிஸ்க்

திங்கட்கிழமை, 14-ஆம் தேதி

8:41 அண்ணன்: தம்பி, எழுந்துவிட்டாயா? அலுவலகத்தில் எந்த ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் பின்னால் ஏழெட்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு நோட்பேட் ஃபைல் கிடக்கிறது.

8:41 அண்ணன்: (படம்)

8:43 நான்: பார்த்தேன் அண்ணா. இது ரான்சம்வேர், ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். உடனே எல்லா லேன் கேபிளையும் பிடுங்குங்கள், சர்வரிலிருந்து தொடங்கி. வைஃபையையும் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

8:44 மாமா: ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பாரேன்.

8:45 நான்: வேண்டாம் மாமா. இணைப்பை மட்டும் துண்டித்தால் போதும், கணினி ஓடட்டும். ஃபைலைப் பூட்டிய சாவியின் தடயம் சில சமயம் கணினியின் நினைவகத்திலேயே தங்கியிருக்கும். 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது, அணைக்காமல் விட்டிருந்த சில பழைய விண்டோஸ் கணினிகளில் அப்படித்தான் சாவியை மீட்டார்கள். எந்தக் கணினியில் இணைப்பைத் துண்டிக்க வழியே இல்லையோ, அதை மட்டும் அணையுங்கள்.

8:53 அண்ணன்: பிடுங்கிவிட்டேன். மொத்தம் பதினொன்று. கடைசி மூன்று கணினியில் ஃபைல் பெயர் மாறவில்லை.

8:55 நான்: நல்லது. ஆனால் அந்த மூன்றையும் இப்போது நம்ப வேண்டாம், யாரும் தொட வேண்டாம். எதையும் அழிக்காதீர்கள், ஃபார்மேட் செய்யாதீர்கள். திரையையும் அந்த நோட்பேடையும் போனில் படம் எடுத்துவையுங்கள். அலுவலக மெயிலில் இதைப் பற்றி யாருக்கும் எழுதாதீர்கள், உள்ளே நுழைந்தவன் அதையும் படித்துக்கொண்டிருக்கலாம். கணினிகளில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் போனிலிருந்தே லாக் அவுட் செய்யுங்கள். நாம் பேசுவது அவனுக்குத் தெரியக் கூடாது.

9:03 அண்ணன்: புதிதாகச் சேர்ந்த பெண் வெள்ளிக்கிழமை ஏதோ பில் என்று வந்த மெயிலைத் திறந்தாளாம். இப்போதுதான் சொல்கிறாள். எனக்கு வருகிற கோபத்துக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

9:04 நான்: அண்ணா, தயவுசெய்து திட்டாதீர்கள். தானாக வந்து சொன்னாளே, அதுவே பெரிய உதவி. இவள் திட்டு வாங்குவதை மற்றவர்கள் பார்த்தால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். என்ன மெயில், எத்தனை மணிக்கு, எதை அழுத்தினாள் என்று நிதானமாகக் கேட்டு எழுதி வையுங்கள். வழி அதுதானா என்று நமக்கு இன்னும் தெரியாது.

9:06 அக்கா: அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. தம்பி சொல்வதுதான் சரி.

9:20 மாமா: எவ்வளவு கேட்கிறான்? கொடுத்துத் தொலைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். அலுவலகம் நான்கு நாள் நின்றால் அதைவிட நஷ்டம்.

9:26 நான்: மாமா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பணம் கொடுத்த மறுநாளே எல்லாம் திரும்பிவிடாது. 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனம் 75 பிட்காயின் கொடுத்தது, அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். பதிலுக்கு வந்த மென்பொருள் அவ்வளவு மெதுவாக ஓடியதால், கடைசியில் தங்கள் பேக்கப்பையே நம்ப வேண்டியிருந்தது. இன்னொன்று: லாக்பிட் என்ற ரான்சம்வேர் கும்பலின் சர்வர்களை 2024 பிப்ரவரியில் பல நாட்டு போலீஸ் சேர்ந்து கைப்பற்றியபோது, பணம் கொடுத்தவர்களின் தரவும் அழிக்கப்படாமல் அங்கேயே இருந்தது. அழித்துவிட்டோம் என்று அவர்கள் கொடுத்த வாக்குக்கு அவ்வளவுதான் மதிப்பு.

9:28 மாமா: சரி, அப்படியானால் என்னதான் வழி?

9:31 நான்: அந்த நோட்பேடில் இருக்கும் லிங்க்கை யாரும் திறக்க வேண்டாம். போலீஸின் சைபர் பிரிவில் இன்றே புகார் கொடுங்கள். காப்பீடு இருந்தால் அவர்களுக்கு முதலில் போன் செய்யுங்கள், அவர்களைக் கேட்காமல் எதையாவது செய்துவிட்டால் பிறகு தகராறு வரும். நோ மோர் ரான்சம் என்று ஒரு தளம் இருக்கிறது, ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கியது. சில வகைகளுக்கு அங்கே இலவசமாகவே சாவி கிடைக்கும். நம்முடைய வகை இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன். அண்ணா, பேக்கப் எந்த நிலையில் இருக்கிறது?

9:40 அண்ணன்: பேக்கப் டிஸ்க் சர்வரிலேயே செருகியிருந்தது. அதிலும் அதே எழுத்து.

9:42 நான்: அவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான் அண்ணா. விண்டோஸ் தானாக எடுத்துவைக்கும் பழைய பிரதிகளையும் அழித்துவிட்டுத்தான் பெரும்பாலும் பூட்டத் தொடங்குவார்கள்.

9:42 நான்: தளத்தில் பார்த்தேன். நம் வகைக்குச் சாவி இல்லை. பூட்டிய ஃபைல்களைத் தனியாக வைத்திருப்போம், பிறகு வரலாம்.

9:47 அண்ணி: தம்பி, போன மாதம் 28-ஆம் தேதி ஆடிட்டருக்காகக் கணக்கு, பில், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் எடுத்தேன். வீட்டு பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. அது ஏதாவது உதவுமா?

9:47 நான்: அண்ணி! அதை யாரும் எந்தக் கணினியிலும் செருக வேண்டாம். இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். புதிதாக விண்டோஸ் போட்ட லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். முதலில் அதற்கு ஒரு நகல் எடுப்போம், பிறகுதான் மற்றது.

9:51 நான்: மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு 2017 ஜூனில் நாட்பெட்யா தாக்குதலில் நடந்தது இதேதான். உலகம் முழுக்க அவர்கள் நெட்வொர்க்கை நடத்தும் முக்கிய சர்வர்கள் மொத்தமும் அழிந்துபோயின. கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் ஒன்று பிழைத்தது. அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் போயிருந்தது! அதை வைத்துத்தான் மறுபடி கட்டினார்கள். நமக்கு அந்த கானா உங்கள் பீரோதான் அண்ணி.

9:53 அண்ணி: கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி. 28-க்குப் பிறகு உள்ள பில்லெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, நானே உட்கார்ந்து ஏற்றிவிடுகிறேன்.

19:15 நான்: சர்வரின் லாக், அதாவது யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவு, பார்த்து முடித்தேன். அந்தப் பெண் திறந்த மெயிலில் ஒன்றும் இல்லை, அது வெறும் விளம்பரம். வந்த வழி வேறு. வெளியிலிருந்து கணக்கு பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் வசதியை, இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருக்கிறோம். பல நாளாக ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்து, சனிக்கிழமை இரவு 2:10-க்கு உள்ளே வந்திருக்கிறார்கள். இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுப் போனவரின் கணக்கு அது. எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமையோடு அப்படியே இருந்திருக்கிறது.

19:18 நான்: கொலோனியலிலும் இதே கதைதான். வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான வழியான விபிஎன்னில் யாரும் பயன்படுத்தாத பழைய கணக்கு, பாஸ்வேர்ட் மட்டும், இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது.

19:24 அண்ணன்: அவளுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன்.

19:30 அக்கா: வாடிக்கையாளர் விவரங்களை அவன் எடுத்துக்கொண்டு போயிருந்தால்?

19:36 நான்: போயிருக்கலாம் அக்கா. ஞாயிறு முழுக்க வெளியே நிறைய தரவு போயிருக்கிறது. பூட்டுவதற்கு முன் நகல் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது, அதை வைத்து இன்னொரு முறை மிரட்டுவார்கள். நாமே முந்திக்கொண்டு வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட வேண்டும். நார்வேயின் அலுமினிய நிறுவனமான நார்ஸ்க் ஹைட்ரோ 2019-இல் ரான்சம்வேரில் மாட்டியபோது அப்படித்தான் செய்தது. பணம் கொடுக்கவில்லை, நடந்ததை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே கையால் எழுதி வேலையை ஓட்டினார்கள்.

19:41 மாமா: பெரிய வாடிக்கையாளர்களிடம் நானே பேசுகிறேன். என் வாயால் கேட்டால்தான் நம்புவார்கள்.

வியாழக்கிழமை

11:10 நான்: சர்வரில் எல்லாம் புதிதாக ஏற்றியாயிற்று. பழைய டிஸ்க்குகளை மூட்டை கட்டித் தனியே வைத்திருக்கிறேன், போலீஸ் கேட்கலாம். ரிமோட் டெஸ்க்டாப்பை மூடிவிட்டேன். இனி வெளியிலிருந்து வருபவர்கள் விபிஎன் வழியாக, போனில் வரும் எண்ணையும் போட்டுத்தான் வர முடியும். எல்லாருடைய பாஸ்வேர்டும் மாறிவிட்டது. அண்ணா, உங்கள் கணினியிலும் இனி அட்மின் உரிமை இல்லை.

11:12 அண்ணன்: எனக்குமா?

11:13 நான்: உங்களுக்கும்தான். உங்கள் கையால் ஒன்று தவறுதலாக ஓடினாலும் அது சர்வர் வரை போகக் கூடாது.

11:20 நான்: அப்டேட் கேட்டால் இனி யாரும் "பிறகு" என்று அழுத்தக் கூடாது. வானாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12-இல். நடுவே இரண்டு மாதம் இருந்தும் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் மாட்டினார்கள்.

11:26 அண்ணி: பேக்கப் என் பொறுப்பு. எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

11:34 நான்: இரண்டு டிஸ்க் அண்ணி, வாரம் மாற்றி வாரம். வெள்ளிக்கிழமை செருகுங்கள், முடிந்ததும் கழற்றுங்கள். ஒன்று எப்போதும் அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். கிளவுடிலும் ஒரு பிரதி தினமும் போகும், முப்பது நாளுக்கு அதை அட்மினால் கூட அழிக்க முடியாதபடி அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சில ஃபைலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை

18:05 அண்ணி: முதல் டிஸ்க் முடிந்தது. கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

18:06 நான்: திறந்து பார்த்தீர்களா?

18:06 அண்ணி: அந்தப் பெண்ணின் கணினியில் அவளையே திறக்கச் சொன்னேன். மூன்று ஃபைல், மூன்றும் திறக்கின்றன.