அம்மா அனுப்பும் மெசேஜ் புரியவில்லை, உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். அம்மா பெங்களூர் அல்சூரில் தனியாக இருக்கிறார், நான் அதே ஊரில் வைட்ஃபீல்டில். அவருக்குக் காது கேட்காது, அதனால் போன் பேச முடியாது, மெசேஜ்தான். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார், அங்கேதான் குழப்பமே. குறில் நெடில் இரண்டுக்கும் ஒரே ‘ஏ’, ல ள ழ மூன்றுக்கும் ஒரே ‘எல்’. நேற்று டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து ‘பி ஏ எல் வேண்டாம்’ என்று அனுப்பினார். பல்லா, பாலா? அடுத்த வரியில் மருந்து ‘கே ஏ எல் ஐ எல் ஏ’. காலில் தடவுவதா, காலையில் சாப்பிடுவதா? திருப்பிக் கேட்டால் அதே எழுத்துகள்தான் மறுபடி வருகின்றன. போதாததற்கு ‘மாத்திரை’ என்று அடித்தால் போன் தானாகவே ‘மேட்ரஸ்’ ஆக்கிவிடுகிறது. மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், ஆனால் தினமும் அப்படிச் செய்ய முடியாதே.

அம்மா தமிழ் மீடியத்தில் படித்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூகுளின் ஜிபோர்டு கீபோர்டில் விரலால் தமிழ் எழுதும் வசதி இருக்கிறது, வயதானவர்களுக்கு அது சரிவருமா? இல்லை, உயிரெழுத்து இடப்பக்கம், மெய் வலப்பக்கம் என்று இருக்கும் தமிழ்99 கீபோர்டைப் பழக்கலாமா? சாதாரண எஸ்எம்எஸ்ஸில் தமிழ் என்றால் 70 எழுத்துதான், தாண்டினால் துண்டாகிறது, ஆகவே வாட்ஸ்அப்பே போதும். அப்புறம், வார்த்தையை மாற்றுவதை மட்டும் எப்படி நிறுத்துவது?

அல்சூர், சிவாஜிநகர் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அம்மாவுக்குச் சொல்லித் தர முடிந்தால் தயவுசெய்து எழுதுங்கள், நானும் கூட இருப்பேன்.