புதுப்பிப்பு: அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு ஒரு வார ஓய்வு கிடைத்தது

மறதி நோய் உள்ள அம்மாவை லண்டனில் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வாரம் மூச்சுவிட வழியுண்டா என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "அம்மாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் என்ன உதவி தேவை என்று பார்க்கும் மதிப்பீடு கேளுங்கள்" என்ற யோசனைதான். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி, பார்த்துக்கொள்பவருக்கும் தனி மதிப்பீடு உண்டு, இலவசம். கவுன்சிலில் (உள்ளாட்சி அலுவலகம்) போனில் கேட்டபோது இழுத்தடித்தார்கள். அப்புறம் இரவில் எத்தனை முறை எழுகிறேன் என்று இரண்டு வாரம் குறித்துவைத்து மின்னஞ்சலில் அனுப்பினேன் (ஒரு இரவு ஏழு முறை!). பத்தாம் நாள் மதிப்பிட ஆள் வந்தார்.

எதிர்பாராதது: ஓய்வு எனக்கு என்றாலும், அந்த ஒரு வாரம் அம்மா பராமரிப்பு இல்லத்தில் தங்கும் செலவை அவருடைய வருமானம், சேமிப்பை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். என் சேமிப்பைக் கேட்கவே இல்லை. பார்த்துக்கொள்பவருக்கு அரசு தரும் உதவித்தொகையான கேரர்ஸ் அலவன்ஸும் நிற்கவில்லை. 26 வாரத்தில் 4 வாரம் வரை இப்படி இடைவெளி விடலாம்.

அம்மா முதல் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் அக்கா எலுமிச்சை ஊறுகாய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். கூட்டிவரப் போனபோது அம்மா என்னிடம் முதலில் சொன்னது, "ஊறுகாய் தீந்துபோச்சு."