சிவிக் 1.8-க்குக் குட்டை மேனிஃபோல்ட் போடலாமா?

ஈசூன்_சிவிக்:
என் வண்டி 2008 ஹோண்டா சிவிக் எஃப்டி, 1.8 லிட்டர், ஆர்18 எஞ்சின். சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வேண்டிய சிஓஇ உரிமச் சான்றைப் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டதால் 2028 வரை இதோடுதான் குடித்தனம். தினமும் ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகிறேன், எப்போதாவது நண்பர்களோடு மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக். எஞ்சின் 5,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) தாண்டினால் வண்டி மூச்சு வாங்குகிறது. ஒருவர் பழைய அலுமினிய இன்டேக் மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) ஒன்றை 450 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார், குழாய்கள் குட்டை, காற்றறை பெரிசு. போட்டால் பவர் ஏறுமா, இல்லை பணம் தண்டமா?

காக்கிபுக்கிட்_கிழவன்:
ஏறும் தம்பி, ஆனால் நீங்கள் ஓட்டாத இடத்தில் ஏறும். இன்டேக் வால்வு மூடும்போது, வேகமாக வந்த காற்று முட்டி, அழுத்த அலையாகக் குழாயில் முன்னும் பின்னும் ஓடும். அடுத்த முறை வால்வு திறக்கும் நேரத்தில் அந்த அலை சரியாக வந்து சேர்ந்தால் சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் தள்ளிவிடும். வால்வு ஒருமுறை திறந்து மறுமுறை திறக்க எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும்; 3,000 ஆர்பிஎம்மில் அதற்கு 40 மில்லிசெகண்ட், 6,000-த்தில் 20 தான். அதனால் மெதுவாகச் சுழலும்போது நீளக் குழாய் கைகொடுக்கும், வேகமாகச் சுழலும்போது குட்டைக் குழாய். துவாஸ் போகிற வழியில் 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக முடியாது, பாதி நேரம் ஜாம், அங்கே உங்களுக்கு வேண்டியது குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை.

இன்னொன்று, ஆர்18-இல் ஹோண்டாவே இரண்டையும் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் மேனிஃபோல்டுக்குள் ஒரு வால்வு, வேகம் ஏறினால் காற்றைக் குறுக்கு வழியில் விடும். உங்களுக்கு மேலேதான் குறைகிறது என்றால் அந்த வால்வு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். அலுமினியம் சூட்டையும் வேகமாகக் காற்றுக்குக் கடத்தும், நம் ஊர் ஜாமில் அது வேறு தலைவலி.

மாட்டிக்கிட்டவன்:
நான் போட்டேன், வேறு வண்டியில். ஒரு வொர்க்‌ஷாப்பில் பழைய கேஸ்கெட்டையே திரும்ப மாட்டிவிட்டார்கள், மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் (பிரேக்கை இலகுவாக்கும் பாகம்) போகும் ஹோஸையும் சரியாகக் கிளிப் போடவில்லை. சிக்னலில் நின்றால் ஐடில் 700-க்கும் 1,500-க்கும் ஊஞ்சல் ஆடும், பிரேக் கல்லாக இருக்கும். எங்கே காற்று கசிகிறது என்று தேடவே இரண்டு வாரம். அப்புறம் ஈசியூவை (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) ட்யூன் செய்யாமல் விட்டால், புது மேனிஃபோல்ட் போட்ட பலன் பாதிகூட வராது, டைனோ (பவர் அளக்கும் மெஷின்) காசையும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

சாலைவிதி:
பத்து வருஷம் தாண்டிய கார், வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி வேண்டிய மாற்றமா என்று முன்னாடியே எழுதிக் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ்காரரிடமும் சொல்லுங்கள். விற்கிறவர் "எல்லாம் ஓகே லா" என்பார், மாட்டினால் வண்டி உங்கள் பேரில்தான் இருக்கிறது.

ஈசூன்_சிவிக்:
கிழவன் அண்ணே, சனிக்கிழமை மெக்கானிக்கோடு நின்று பார்த்தேன். த்ராட்டில் பாடி (காற்றை அளந்து விடும் கதவு) முழுக்கக் கரி, உள்ளே அந்த வால்வு பாதிதான் நகர்கிறது. கழற்றிக் கழுவி, புது கேஸ்கெட்டும் ஏர் ஃபில்டரும் போட்டாயிற்று. இப்போது மேலே இழுக்கிறது. 450 வெள்ளியை டயருக்கு வைத்திருக்கிறேன், செப்பாங்குக்கு எது நல்லது என்று சொல்லுங்கள்.