‘மாட்யூல் அலாக்’ என்பதற்கு ‘ஆயக்கட்டு ஒதுக்கீடு’

அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலில், மாட்யூல் என்னும் கூடுதல் நிரல்துண்டுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கிவந்த ‘மாட்யூல் அலாக்’ என்ற செயற்கூறுக்குத் தமிழாகத் தாங்கள் முன்மொழிந்த ‘கூற்று நினைவக ஒதுக்கீடு’ பிழையற்ற தொடரே. ஆயினும் கெர்னலின் பிற ஒதுக்கீடுகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் பண்பு அதில் வெளிப்படவில்லை என்பதால், அதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கெர்னலில் ஒரு மாட்யூலைச் சேர்க்கும்போது, காலியாக உள்ள ஏதோ ஓர் இடத்தை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. எக்ஸ்86-64 செயலியின் வழக்கமான அழைப்புக் கட்டளை, போய்ச் சேர வேண்டிய இடத்தை 32 பிட் தொலைவாகக் குறிப்பதால், மாட்யூலின் நிரல் கெர்னல் நிரலுக்கு முன்னோ பின்னோ 2 ஜிகாபைட்டுக்குள் அமைந்தாக வேண்டும். ஆர்ம்64 செயலியில் ஒரே கட்டளைக்கு எட்டும் தொலைவு 128 மெகாபைட்தான். அதைத் தாண்டினால் நடுவில் ஒரு தாவுநிரலை வைக்க வேண்டியிருக்கும். ஒதுக்கப்படும் பௌதிகப் பக்கங்கள், அதாவது நினைவகத்தின் உண்மையான துண்டுகள், சிதறிக் கிடப்பது தடையன்று. ஒரே பட்டாவில் பல சர்வே எண்கள் அடங்குவதைப் போல, நிரலின் பார்வையில் தெரியும் மெய்நிகர் முகவரியில் அவை தொடர்ச்சியாக இருந்தால் போதும். எட்டுகிறதா என்பதே இங்கு கேள்வி.

அந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் சொல் இருக்கிறது. சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாயின் தண்ணீர் பாயும் நிலமே அதன் ஆயக்கட்டு. பக்கத்து நிலம் எத்தனை வளமானதாயினும், மடைநீர் அங்கே ஏறாதென்றால் அது ஆயக்கட்டில் சேராது. ‘நாற்றங்கால்’ என்று தம்பி சொன்னதையும் எண்ணிப் பார்த்தேன். நாற்று பிடுங்கி வேறிடத்தில் நடப்படுவது, மாட்யூலோ ஏற்றிய இடத்திலேயே இருந்து இயங்குவது.

மாட்யூல் என்ற சொல்லையே பெயரிலிருந்து விலக்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கெர்னலின் ஓட்டத்தை ஆராய உதவும் கேபுரோப்ஸ், எஃப்டிரேஸ், கெர்னலுக்குள் சிறு நிரல்களை இயக்கும் பிபிஎஃப் ஆகியவையும் தங்கள் நிரலுக்கு இதே வழியில்தான் இடம் கேட்டுவந்தன. ஆகவே 2024இல் வந்த லினக்ஸ் 6.10இல் ‘மாட்யூல் அலாக்’ நீக்கப்பட்டு, இயங்கு நினைவகம் என்னும் பொருளில் ‘எக்ஸெக்மெம்’ என்ற பொது ஏற்பாடு வந்தது. மூலத்திலேயே கைவிடப்பட்ட பெயரை நாம் தமிழில் நிலைநிறுத்த வேண்டியதில்லை.

ஆயக்கட்டு உழவருக்கு மட்டுமே விளங்கும் என்று தாங்கள் தயங்க வேண்டாம். பாபநாசம் அணை திறக்கும்போதெல்லாம் செய்தித்தாளில் வரும் சொல் அது. பாடக்குறிப்பில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘மாட்யூலை ஏற்றும்போது கெர்னல் தன் ஆயக்கட்டில் இடம் ஒதுக்கும், தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் இயங்கும் பகுதியின் இடத்தை உடனே மீட்டுக்கொள்ளும், எஞ்சியது மாட்யூலை நீக்கும்போது ஆயக்கட்டுக்குத் திரும்பும்.’ இவ்வரிகளைத் தங்கள் மாணவர்களிடம் விளக்கமின்றிப் படித்துக்காட்டி, எங்கே தடுக்கிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.