உப்பளத்தில் இருந்துகொண்டு வார வானிலை பார்த்த அனுபவம்

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு உப்பளம் இருக்கிறது. தை, மாசியில் பாத்திகளைச் சீர் செய்து தொடங்கும் உற்பத்தி புரட்டாசி வரை நடக்கும். இடையில் பெய்யும் ஒரு மணி நேர மழை பல நாள் உழைப்பைக் கரைத்துவிடும் என்பதால், மாவட்டத்துக்கான ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பார்க்காமல் நாங்கள் வாரத்தைத் தொடங்குவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், "ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்று அறிவித்திருந்தார்கள். அந்த இடங்களில் நம் ஊர் இருக்காது என்று நானே முடிவு கட்டி, வாரிக் குவித்த அம்பாரத்தை மூடாமல் விட்டேன். மாலையில் மேற்கே கறுத்திருந்ததைப் பார்த்த அப்பா, "தம்பி, கீற்றைப் போட்டு மூடிடுப்பா" என்றார். "காலையில பாத்துக்கலாம்ப்பா" என்றேன். இரவு எட்டு மணிக்குப் பிடித்த மழை முக்கால் மணி நேரம் கொட்டியது. விடிந்து போய்ப் பார்த்தால் அம்பாரத்தின் உச்சி உள்வாங்கி, பக்கமெல்லாம் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் விழுந்திருந்தன. பாத்தியில் படிந்திருந்த உப்பு இருந்த இடமே தெரியவில்லை, கலங்கல் தண்ணீர்தான் நின்றது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோப்புத்துறையில் தெருமண்கூட நனையவில்லை.

பிறகுதான் அந்தச் சொற்களின் கணக்கைக் கற்றுக்கொண்டேன். ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவாகலாம் என்றால் அது 'ஓரிரு இடங்கள்'. 26 முதல் 50 வரை என்றால் 'சில இடங்கள்'. எந்த ஊர் என்று அது சொல்வதில்லை. கோடை இடிமழை சில மணி நேரத்துக்குள் திரண்டு ஓரிடத்தில் கொட்டி ஓய்ந்துவிடுவதால், ஐந்து நாள் முன்பே ஊர் பெயரைச் சொல்லவும் முடியாது. ஆகவே வார அறிவிப்பைப் பார்த்துக் கீற்றையும் தார்ப்பாயையும் தயாராக வைக்கிறேன். மூடுவதா வேண்டாமா என்பதை அன்றன்றைய அறிவிப்பையும் மேற்கு வானத்தையும் பார்த்து முடிவு செய்கிறேன்.

புயல் விஷயம் வேறு. 2018 நவம்பரில் கஜா முதலில் வடதமிழகக் கரையை நோக்கி வரும் என்றார்கள். பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று மாற்றினார்கள். 16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. திங்கட்கிழமை அறிவிப்போடு நின்றுவிட்டவர்களுக்கு வியாழக்கிழமை ஆபத்து தெரிந்திருக்காது. அந்த வாரம் அப்பா காலையிலும் மாலையிலும் வானொலிச் செய்தியைக் கேட்டதால்தான் நாங்கள் நேரத்தோடு மாடுகளை அவிழ்த்துவிட்டுப் பள்ளிக் கட்டடத்துக்குப் போனோம்.

—

உங்கள் உப்பள அனுபவத்தைப் படித்த மன்னார்குடிப் பக்கத்து விவசாயி நான். உங்கள் உப்புக்கு நேர்ந்தது எங்கள் குறுவை நெல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், அறுத்த நெல் ஒரு மழையில் நனைந்தாலும் மறுபடி களத்தில் பரப்பிக் காயவைக்க வேண்டும். செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையைப் பார்த்துத்தான் அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லி வைக்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள்: வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. 'நாளை மழை இல்லை' என்பதை நள்ளிரவோடு கணக்கிட்டு, விடியற்காலை மழையில் நெல்லை நனையவிட்டவன் நான்.